வலிப்பு ஆராய்ச்சி கூடியிருக்கிறது என்றால் என்ன அர்த்தம்?

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் 22 வருடமாக நிற்கிறேன். பத்து நிமிடம் பஸ்ஸில் போனால் பாறசாலை, கேரளம். பெரிய நோய் என்று வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் திருவனந்தபுரத்துக்குத்தான் பஸ் ஏறுவார்கள். 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பிருந்தே உள்ள பழக்கம் அது.

போன மாதம் ஒரு மத்தியானம் பக்கத்துச் சாயாக்கடை அண்ணன் மகளுக்கு மாத்திரை வாங்க வந்தார். சோடியம் வால்ப்ரோயேட், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பிள்ளைக்கு ஒன்பது வயதில் தொடங்கிய வலிப்பு. இப்போது வயது 23, கல்யாணப் பேச்சு நடக்கிறது. அண்ணன் மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுவிட்டு, கிளம்பாமல் போனை நீட்டினார். வலிப்பு ஆராய்ச்சியில் இந்தியா வேகமாக வளர்கிறது, வெளியாகும் கட்டுரைகள் பல மடங்கு கூடிவிட்டன என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள்.

"மக்கா, இது நல்ல சமாச்சாரம்தானே? இதுல நம்ம பிள்ளைக்கு என்ன இருக்கு?"

கவுண்டரில் நாலு பேர் சீட்டோடு நின்றார்கள். "நல்லதுதான் அண்ணே, சாயங்காலம் சொல்லுதேன்" என்றேன். சாயங்காலம் கால் மணி நேரத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வலிப்பு உள்ள பிள்ளையோ, தம்பியோ, மனைவியோ வீட்டில் இருக்கிறவர்கள் இப்படிப்பட்ட செய்திகளைப் பார்த்து அளவுக்கு மீறி நம்பிக்கை கொள்ளவும் வேண்டாம், எல்லாம் பொய் என்று தள்ளவும் வேண்டாம் என்பதற்காக.

முதலில், எண்ணுவது எதை? ஒரு டாக்டரோ ஒரு குழுவோ தாங்கள் கவனித்ததை எழுதி, மருத்துவ இதழ் ஒன்றுக்கு அனுப்புகிறார்கள். அதே துறையில் உள்ள வேறு சிலர் படித்துக் குறை சொல்லி, திருத்தி, பிறகு அச்சாகிறது. அதுதான் ஆய்வுக் கட்டுரை. எலி மூளையில் செய்வது ஒரு வகை. நோயாளிகளை வைத்துச் செய்வது இன்னொரு வகை, அதற்குத்தான் கிளினிக்கல் ஆராய்ச்சி என்று பெயர். நான் பேசப்போவது இந்த இரண்டாவதைப் பற்றி. கட்டுரைகளின் பட்டியல் பப்மெட் போன்ற தளங்களில் சேர்கிறது. பப்மெட் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். வலிப்பு என்ற சொல்லையும் இந்தியா என்ற முகவரியையும் போட்டுத் தேடி, வருடவாரியாக எண்ணினால் ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோடு ஏறினால் "வளர்ச்சி" என்று செய்தி வரும்.

இந்த எண்ணிக்கையில் சில சிக்கல்கள் உண்டு. உலகம் முழுவதிலுமே மருத்துவக் கட்டுரைகள் வருடா வருடம் கூடிக்கொண்டுதான் போகின்றன. எல்லார் வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர் ஏறும்போது நம் கிணற்றில் ஏறியதைத் தனியாகச் சொல்லி என்ன பயன்? உலக மொத்தத்தில் நம் பங்கு கூடியதா என்று பார்க்க வேண்டும். அடுத்தது, நாட்டை முடிவு செய்வது கட்டுரை எழுதியவரின் முகவரி. பத்து நாடுகள் சேர்ந்து செய்த ஆய்வில் நம் ஊர் டாக்டர் ஒருவர் பெயர் இருந்தாலே அது இந்தியாவின் கணக்கிலும் சேரும், மற்ற ஒன்பது நாடுகளின் கணக்கிலும் சேரும். பட்டியலில் புதிதாகப் பல இதழ்களைச் சேர்த்தாலும் கோடு ஏறும், ஒரு நோயாளியைக்கூட யாரும் கூடுதலாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று எனக்கு நிஜமாகவே வருத்தம் தருவது. 2005 முதல் 2014 வரை இந்தியாவின் மருத்துவக் கல்வி நிறுவனங்கள் என்ன வெளியிட்டன என்று சமிரன் நந்தியும் உடன் இருந்தவர்களும் கணக்கெடுத்து 2016இல் வெளியிட்டார்கள். பார்த்தது 579 நிறுவனங்கள். வருடத்துக்கு 100 கட்டுரைக்கு மேல் தந்தவை வெறும் 25. அந்தப் பத்து வருடத்தில் ஒரு கட்டுரைகூட வெளியிடாதவை 332, அதாவது பாதிக்கு மேல். இது எல்லா நோய்களுக்கும் சேர்த்து எடுத்த கணக்கு. வலிப்பிலும் நம் நாட்டின் பேர் சொல்லும் ஆய்வுகளைத் தேடிப் பார்த்தால் திருவனந்தபுரம், வேலூர், பெங்களூரு, டெல்லி என்று சில ஊர்களே திரும்பத் திரும்ப வரும். நாட்டின் சராசரியைச் சொல்லும்போது இந்தச் சில ஊர்களின் உழைப்புத்தான் எல்லார் தலையிலும் பகிர்ந்து விழுகிறது.

சரி, எண்ணிக்கையை விடுவோம். தரம் என்று எதைச் சொல்வது? வழக்கமாக ஒரு ஏணியைக் காட்டுவார்கள். அடிப்படியில் ஒற்றை நோயாளியைப் பற்றிய குறிப்பு. அதற்கு மேல் ஒரே மாதிரி நோயாளிகள் பலரின் தொகுப்பு. அப்புறம் ஊர் முழுக்கக் கணக்கெடுப்பு. அதற்கும் மேலே, ஆட்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்ப்பது. உச்சியில், யாருக்கு எந்தச் சிகிச்சை என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும் குலுக்கல் முறை ஆய்வு, டாக்டர்கள் ஆர்.சி.டி. என்று சொல்வது. அந்த ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்து அலசுவது அதற்கும் மேல். ஏணி பயனுள்ளதுதான். ஆனால் அடிப்படியில் நிற்பவை எல்லாம் மட்டம் என்று நினைத்தால் நம் நாட்டு வலிப்பு ஆராய்ச்சியின் சிறந்த பகுதியையே தவறவிட்டுவிடுவோம்.

தலைக்கு வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது சிலருக்கு ஃபிட்ஸ் வரும். தென்னிந்தியாவில், அதிலும் கர்நாடகத்தில், இது அதிகம். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிலையத்தின் சதீஷ்சந்திராவும் குழுவினரும் இப்படிப்பட்ட 279 பேரை விவரித்து 1988இல் கட்டுரை வெளியிட்டார்கள். குலுக்கல் கிடையாது, மருந்துப் போட்டி கிடையாது. பார்த்ததைப் பொறுமையாகச் சேர்த்து எழுதியதுதான். ஆனால் தலைக்கு வெந்நீர் ஊற்றிக் குளிக்காத நாட்டில் உட்கார்ந்துகொண்டு யாரும் அதை எழுதியிருக்க முடியாது.

ஆந்திர எல்லையில் வேலூரில் நடந்தது இதைவிடப் பெரிய கதை. வலிப்பு வந்தவர்களுக்கு சிடி ஸ்கேன் எடுத்தால் மூளையில் ஒரே ஒரு சின்னப் புள்ளி தெரியும். இந்தியாவில் அதைக் காசநோய்க் கட்டி என்று எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் டிபி மருந்து கொடுத்துவந்தார்கள். வேலூர் சிஎம்சியில் சாண்டி, ராஜசேகர் முதலானோர் அந்தப் புள்ளிகளை அறுவை செய்து எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே இருந்தது நாடாப்புழுவின் முட்டையிலிருந்து வளரும் இளம்புழு. 1989இல் லான்செட் இதழில் வந்தது ஒரு சின்னக் கட்டுரை, சில நோயாளிகள்தான். அதன் பிறகு எத்தனை பேர் தேவையில்லாத டிபி மருந்திலிருந்து தப்பித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன் என்பதால் எனக்கு அது இன்னும் நெருக்கமாகப் படுகிறது. பின்னால் 2006இல் அதே வேலூர் மாவட்டத்தில் 50,617 பேரை வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது, வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுதான் காரணம் என்று தெரிந்ததாக வெளியிட்டார்கள்.

ஆனால் கேரளத்தில் இந்தப் புழு அபூர்வம். கழிப்பறையும் சுத்தமும் உள்ள இடத்தில் அது பரவ வழியில்லை. வேலூரில் கண்டதைத் திருவனந்தபுரத்துக்கு அப்படியே கொண்டுபோக முடியாது, டெல்லியில் கண்டதை வேலூருக்கும் முடியாது. "இந்திய ஆய்வு" என்று ஒரே பெயரில் சொல்வதில் உள்ள சங்கடம் இதுதான். எந்த ஊர், எந்த ஆட்கள் என்று கேட்காமல் ஒரு கட்டுரையை எடைபோட முடியாது.

கணக்கெடுப்புக்குக் கேரளத்திலிருந்தே நல்ல உதாரணம் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ராதாகிருஷ்ணன் குழு 2000இல் வெளியிட்டது. மத்திய கேரளத்தில் 2,38,102 பேரை விசாரித்தார்கள். வலிப்பு இருந்தது 1,175 பேருக்கு. ஆயிரத்துக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இந்த எண் கிடைத்திருக்காது. வெட்கத்தாலும் பயத்தாலும் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் பிள்ளைகள் எந்த ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரிலும் இல்லை. வாசல் வாசலாகப் போய்க் கேட்டால்தான் அவர்கள் கணக்கில் வருவார்கள்.

அடுத்ததுதான் சாயாக்கடை அண்ணனுக்கு வேண்டியது. வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண் கர்ப்பமானால் குழந்தைக்கு என்ன ஆகும்? இதைக் குலுக்கல் போட்டுப் பார்க்க முடியாது. பாதிப் பெண்களுக்கு ஒரு மருந்தும் மீதிப் பேருக்கு வேறு மருந்தும் கொடுத்து, யார் குழந்தைக்குக் குறை வருகிறது என்று காத்திருப்பது பாவம். ஆகவே ஒரே வழி, ஏற்கெனவே மருந்து சாப்பிடும் பெண்களை ஒவ்வொருவராகப் பதிவு செய்து, பிரசவம் வரைக்கும், அதற்குப் பிறகும் பின்தொடர்வது. ஸ்ரீ சித்திராவில் சஞ்சீவ் தாமஸ் தலைமையில் 1998இல் இப்படி ஒரு பதிவேடு தொடங்கினார்கள், கேரள வலிப்பு மற்றும் கர்ப்பப் பதிவேடு. ஐரோப்பாவில் யூராப் என்ற பெரிய பதிவேடு தொடங்கியது அதற்கு அடுத்த வருடம்தான். நம் பக்கத்து ஊரில் இப்படி ஒரு காரியம் நடந்திருப்பது எனக்குப் பெருமை. பதிவேடு என்பது பளபளப்பான வேலையில்லை. நோட்டில் எழுதுவது, போன் செய்வது, வராதவர்களைத் தேடுவது என்று வருடக்கணக்கில் போகும்.

அந்தப் பொறுமை என்ன தந்தது? யூராப் பதிவேட்டிலிருந்து 2018இல் வந்த கட்டுரையில் 7,355 கர்ப்பங்களைப் பார்த்திருந்தார்கள். அண்ணன் மகள் சாப்பிடும் அதே வால்ப்ரோயேட்டை மட்டும் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் பெரிய பிறவிக் குறை 10.3 சதவீதம். வேறு வலிப்பு மருந்துகளான லாமோட்ரிஜினில் 2.9, லெவெடிராசெட்டத்தில் 2.8. வால்ப்ரோயேட்டின் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடியது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் அடுக்கடுக்காக ஃபிட்ஸ் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பத்துக்கு முன்பே, கல்யாணத்துக்கு முன்பே என்றாலும் நல்லது, நரம்பியல் டாக்டரிடம் போய்ப் பேச வேண்டும். மருந்தை மாற்றவும் அளவைக் குறைக்கவும் அப்போது நேரம் இருக்கும். ஃபோலிக் ஆசிட்டையும் முன்கூட்டியே தொடங்கலாம்.

இனி ஏணியின் உச்சிக்கு வருவோம். குலுக்கல் எதற்கு? இரண்டு மருந்தில் எது மேல் என்று பார்க்கிறோம் என்று வையுங்கள். யாருக்கு எதைக் கொடுப்பது என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விட்டால், நிலைமை மோசமான பிள்ளைகளுக்குப் புது மருந்தையே எழுதுவார். இரக்கத்தால்தான் அப்படிச் செய்வார். கடைசியில் புது மருந்துக்குக் கெட்ட பெயர் வரும், ஏனென்றால் கஷ்டமான கேஸ் எல்லாம் அதன் பக்கம் சேர்ந்துவிட்டது. சீட்டுக் குலுக்கிப் பிரித்தால் கஷ்டமான கேஸும் லேசான கேஸும் இரண்டு பக்கமும் கலந்து விழும். கடைசியில் தெரியும் வித்தியாசத்தை மருந்தின் வித்தியாசம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இந்த முறையில் நம் நாட்டிலிருந்து வந்த ஒரு ஆய்வை உலகமே எடுத்துக்காட்டுகிறது. டெல்லி எய்ம்ஸில் மஞ்சரி திரிபாதி முதலானோர் செய்தது, 2017இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள 116 பிள்ளைகள். 57 பேருக்கு உடனே மூளை அறுவை சிகிச்சை, மருந்தும் தொடரும். 59 பேருக்கு மருந்து மட்டும், அவர்கள் அறுவைக்கான காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். ஒரு வருடம் கழித்து, அறுவை செய்தவர்களில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பு இல்லை. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 7 சதவீதம்தான்.

இதைப் பல முறை படித்திருக்கிறேன். குழந்தைக்கு அறுவை செய்தால் பலன் கிடைக்கும் என்று தெரிந்தும் ஒரு பாதியைக் காக்க வைப்பது நியாயமா என்ற கேள்வி எழும். அங்கே அறுவைக்கு எப்படியும் நீண்ட வரிசை இருந்தது, அந்த வரிசையையே ஒப்பீட்டுக் குழுவாக்கினார்கள். கெட்ட பக்கத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. அறுவை செய்த 57 பேரில் மூன்றில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவு, பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கம் பலம் குறைவது. எந்தப் பகுதியில் கத்தி வைக்கிறோம் என்பதை வைத்து அது ஓரளவு எதிர்பார்த்ததே. நல்லதையும் கெட்டதையும் ஒரே பக்கத்தில் எழுதியிருப்பதுதான் அந்தக் கட்டுரையை நான் நம்புவதற்குப் பெரிய காரணம்.

எதை வெற்றி என்று எண்ணுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வலிப்பு ஆய்வுகளில் "பாதிக்கு மேல் குறைந்தது" என்பது வழக்கமான அளவுகோல். 2013இல் எய்ம்ஸிலிருந்தே வந்த இன்னொரு குலுக்கல் ஆய்வில், கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் உணவுமுறையை 102 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது உணவு மாற்றியவர்களில் 52 சதவீதம், மற்றவர்களில் 11.5. ஒரு நாளைக்குப் பல முறை விழும் குழந்தையின் அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி. மாதத்தில் ஒரு முறை, அதுவும் ஸ்கூட்டரிலோ கிணற்றடியிலோ இருக்கும்போது வலிப்பு வரும் பெண்ணுக்குப் பாதி குறைந்து பயனில்லை, முழுக்க நிற்க வேண்டும். சாயாக்கடை அண்ணன் வீட்டில் காலியான மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடுவதில்லை. வலிப்பு வந்த நாளில் அந்த மாத்திரை இருந்த குழிக்குப் பக்கத்தில் பால்பென்னால் ஒரு பெருக்கல் குறி போட்டு, பழைய பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைக்கிறார்கள். நல்ல ஆய்வுகளிலும் அடியில் இருப்பது இப்படி ஒரு வீட்டில் ஒருவர் உண்மையாகப் போட்ட குறிதான்.

வருடங்களை ஒப்பிடும்போது இன்னொரு கவனம் தேவை. நோயின் வரையறையே மாறியிருக்கிறது. உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2014இல் வரையறையைத் திருத்தியது. முன்பு காரணமின்றி இரண்டு முறை வலிப்பு வந்தால்தான் நோய். இப்போது ஒரே முறை வந்தாலும், மறுபடி வரும் வாய்ப்பு குறைந்தது 60 சதவீதம் என்றால் நோய்தான். மருந்துக்கு அடங்காதது என்றால் என்ன என்பதற்கும் 2010இல்தான் எல்லாரும் ஒத்துக்கொண்ட வரையறை வந்தது. சரியாகத் தேர்ந்தெடுத்துச் சரியான அளவில் கொடுத்த இரண்டு மருந்துகள் தோற்றால் அந்தப் பெயர். 1995 கட்டுரையையும் 2020 கட்டுரையையும் ஒரே தராசில் வைப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

இதழ்களுக்கு மதிப்பெண் உண்டு, தாக்க எண் என்பார்கள். 2024க்கான எண் வேண்டுமென்றால், ஒரு இதழில் 2022, 2023இல் வந்த கட்டுரைகளை 2024இல் மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று கூட்டி, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இது இதழின் சராசரி. உள்ளே இருக்கும் ஒரு கட்டுரை நல்லதா என்று அது சொல்லாது. அதோடு, நம் மருத்துவக் கல்லூரிகளில் பதவி உயர்வுக்குக் கட்டுரை கட்டாயம் என்று ஆனபின், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களுக்கும் வியாபாரம் வந்தது. எண்ணிக்கைக் கோட்டில் அவையும் ஏறி உட்காரலாம்.

மருந்துச் சோதனைகளுக்கு ஒரு நல்ல காவல் 2007இல் வந்தது, இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகம். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தால்தான் ஏற்கிறார்கள். இது ஏன் முக்கியம் என்று என் கடைக் கணக்கை வைத்தே சொல்கிறேன். சரக்கு வந்த அன்றே ஸ்டாக் புத்தகத்தில் ஏற்றாமல், விற்றுப்போனதை மட்டும் எழுதிக்கொண்டே வந்தால் கெட்டுப்போன சரக்கு கணக்கிலேயே இருக்காது. ஆய்வும் அப்படித்தான். தொடங்கும்போதே பதிவு செய்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று தெரிந்த பிறகு ஆய்வையே சத்தமில்லாமல் மூடி வைக்க முடியாது. பதிவான ஆய்வுகளில் எத்தனைக்கு முடிவு வெளியானது என்று பார்ப்பது ஒரு நாட்டின் ஆராய்ச்சித் தரத்துக்கு நல்ல சோதனை என்பது என் கருத்து.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு இருக்கிறது என்றும், சரியான நேரத்தில் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பினோபார்பிட்டோன், பினிட்டோயின் போன்ற பழைய, விலை குறைந்த மருந்துகளும் இதற்கு உதவும். அப்படி இருந்தும் ஏழை நாடுகளில் பெரும்பாலானவர்களுக்கு மருந்து போய்ச் சேரவில்லை. என் கவுண்டரில் அதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு மாதத்துக்குச் சீட்டு இருக்கும், பத்து நாளைக்குத்தான் காசு இருக்கும். வலிப்பு நின்றுவிட்டது என்று ஆறு மாதத்தில் தாங்களே நிறுத்திவிடுவார்கள், மறுபடி விழுந்து பல் உடைந்து வருவார்கள். ஏன் நிறுத்துகிறார்கள், என்ன செய்தால் தொடர்வார்கள் என்று எங்களைப் போன்ற எல்லையோர ஊர்களில் வந்து உட்கார்ந்து பார்க்கும் ஆய்வு எத்தனை வருகிறது? கட்டுரை எண்ணிக்கை கூடியது என்று செய்தி வந்தால் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்து கவுண்டரில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஆராய்ச்சி கூடியதால் நாளைக்கே மருந்து தேவையில்லாமல் போகாது என்று சொன்னேன். முகம் வாடியது. திருவனந்தபுரத்துப் பதிவேட்டைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"நம்ம ஊர்ப் பிள்ளைங்களையும் பாத்துதான் எழுதியிருக்காவளா?"

"கேரளத்துப் பிள்ளைங்க அண்ணே. நம்ம சோறு, நம்ம தண்ணிதான்."

டாக்டரிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளைச் சொல்லச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் இந்த மாத்திரையை மாற்ற முடியுமா, முடியாவிட்டால் அளவையாவது குறைக்கலாமா என்பது ஒன்று. ஃபோலிக் ஆசிட்டை எப்போது தொடங்குவது என்பது இன்னொன்று. மாத்திரைப் பில்லைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிஸ்கட் டப்பாவில் இருக்கும் அட்டைகளையும் எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார். எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள் என்றேன்.